சுரண்டிய மரங்கள்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவன். இன்று நுவரெலியா ஓட்டல்களில் காலையில் உடைக்கிற முட்டை என் பண்ணை முட்டை. இதில் யார் தயவும் கிடையாது. ஆனாலும் ஒரு பெண் அதிகாரி பண்ணைக்கு வந்த அன்று நடந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது கோழிக் கொட்டகைக்கு அனுமதி கேட்டிருந்தேன். பண்ணையின் பின்வேலியை ஒட்டியே பாதுகாக்கப்பட்ட காடு. அந்த மரங்களைப் பார்க்க சுற்றாடல் அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்றார்கள். நான் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், செடியைக் கவ்வாத்து வெட்டிக் குறைத்ததும் தேயிலைத் தண்டில் படிந்த பாசியைச் சுரண்ட விடுவார்கள். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் கங்காணி தொண்டை கிழியக் கத்துவார். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளே இல்லை. அதனால் தேங்காய் மட்டையோடு நானே இறங்கி, வேலியோரத்து மரங்களையெல்லாம் கை எட்டும் உயரம்வரை பளபளவென்று தேய்த்துவைத்தேன்.

வந்தவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நேரே மரத்தடிக்குப் போனார். போய் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு ஐயா இத சுரண்டினது?"

"நான்தான் மிஸ். எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"

"நான் பாக்க வந்ததே அதத்தானே."

சிங்களவர், எனக்குப் புரியும்படி தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் காரவாடையில் நைதரசன் இருக்கிறதாம். அது பனியோடும் மழையோடும் காட்டில் இறங்கினால், மரத்தில் பாசிபோலப் படர்ந்து தாடியாகத் தொங்குகிறதே, அதுதான் முதலில் சாகுமாம். தாடி இருந்தால் அனுமதிக்கு வழியுண்டு. இல்லையென்றால் புதுக் கொட்டகையை விடுங்கள், பழையதையே மூடச் சொல்லலாம்.

"திரும்ப வளர எவ்வளவு நாளாகும் மிஸ்?"

"வருசக்கணக்காகும்."

பின்னால் நின்ற என் மனைவி சும்மா இருப்பாளா? "காட்டுக்கே சவரம் பண்ணி விட்டுட்டாரு மிஸ். பவுடர் போடுறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை.

என் கை எட்டாத உயரத்தைப் பார்க்க ஏணி கேட்டார். நானே பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, ஏணி ஆடுதே."

"காத்து மிஸ்."

"காத்தே இல்லையே."

மேலே, காட்டைப் பார்த்த பக்கம் சாம்பல் நிறத் தாடி அடர்த்தியாகத் தொங்கியது. கொட்டகையைப் பார்த்த பக்கம் ஓரிரு இழைகள்தான். மழைக்காலம் முடிந்து திரும்பவும் வருவதாகவும், அந்த இழைகளாவது மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அறிக்கை எழுதுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் மூக்குக்கும் அந்த வாடை தெரிகிறது. எச்சத்தை அன்றாடம் அள்ளி மூடிவைக்கிறேன். காலையில் தேநீரோடு மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறேன். நேற்று, கொட்டகைப் பக்கம் ஓர் இழை தரையில் கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"என்னங்க அது பைக்குள்ள?"

"ஒண்ணுமில்ல."

மேலே இன்னும் ஏதாவது தொங்குகிறதா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.