ஹாலாஸ்யம் டைப் அடித்த ரசீது

கோரிப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஹாலாஸ்யம். மேலே 'ஜாப் டைப்பிங்' என்று ஒரு தகரப் பலகை. பக்கத்துக்கு ஒரு ரூபாய், கார்பன் காப்பிக்கு இருபத்தைந்து பைசா. தொழிற்சங்க மனுக்களைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷம் அலைந்தவன் நான். அந்த மேஜைக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

நல்ல மனுஷர் என்று முதலிலேயே சொல்லிவிட மாட்டேன். சிடுமூஞ்சி. நாம் எழுதிக் கொடுக்கும் இங்கிலீஷைத் திருத்தாமல் அடிக்க மாட்டார். ஒரு தடவை எங்கள் நோட்டீஸில் 'பதிலடி கொடுப்போம்' என்பதற்கு எவனோ 'ரீபே' என்று எழுதிவிட்டான். ஹாலாஸ்யம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"ஏன் ஓய், முதலாளிகிட்ட கடன் கிடன் வாங்கியிருக்கேளா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு ரீபே? அவன் வட்டியோட எதிர்பார்ப்பான். ரிட்டாலியேட்னு போடும். என் மெஷின்ல தப்பு இங்கிலீஷ் ஏறாது."

எங்கள் மனுக்களை நம்பி அவர் அடுப்பு எரியவில்லை. டி. கல்லுப்பட்டி ரோட்டில் ஒரு ஜின்னிங் பாக்டரி இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இடம். அவர்கள் கடிதங்கள் மாதம் அறுபது, எழுபது பக்கம் இவரிடம்தான் வரும். அதில்தான் வீட்டு வாடகை, மனைவி ஸ்யாமளாவின் ஆஸ்துமா மருந்து எல்லாம்.

அந்த பாக்டரியில்தான் 1978 தை மாதம் இருளாயியின் வலது கை உருளையில் மாட்டியது. மூன்று விரல் போய்விட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. பாக்டரி கணக்குப்பிள்ளை கட்டிலுக்கே வந்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று முந்நூற்று நாற்பது ரூபாய் கொடுத்து, ஒரு இங்கிலீஷ் காகிதத்தில் ரேகை வாங்கிக்கொண்டு போனார். வலது கையில் கட்டு. அதனால் இடது பெருவிரல். கட்டுப் பிரித்துத் திரும்பிப் போனபோது வேலை இல்லை என்றார்கள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். களைக்கொத்துப் பிடிக்கக்கூட அந்தக் கை உதவவில்லை.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். 'முழு நஷ்டஈடும் கொடுத்தாயிற்று, இதோ ரேகை வைத்த ரசீது' என்று பதில் வந்தது. அந்த ரசீதின் நகலை எடுத்துக்கொண்டு, இருளாயியையும் கூட்டிக்கொண்டு, படித்துச் சொல்வாரே என்று ஹாலாஸ்யத்திடம் போனேன்.

வாங்கிப் பார்த்தார். படிக்கவே இல்லை, எழுத்தைத்தான் பார்த்தார். அவர் மெஷினில் இங்கிலீஷ் சின்ன 'ஈ' வால் உடைந்து விழும்.

"இது நான் அடிச்சது" என்றார்.

பிறகு அவரே சொன்னார். கணக்குப்பிள்ளை கையால் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் 'ஃபுல் காம்பன்சேஷன்', அதாவது முழு நஷ்டஈடு என்று இருந்திருக்கிறது. எதற்கான பணம் என்று இவர் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி, மருந்து, பஸ் என்றிருக்கிறார் அவர். "அப்போ இது ரீஇம்பர்ஸ்மென்ட்தான்" என்று இவர் மாற்றியிருக்கிறார். எல்லாம் ஒன்றுதான், சீக்கிரம் அடியும், பஸ் போய்விடும் என்று கணக்குப்பிள்ளை அவசரப்படுத்தியிருக்கிறார். விரல் போன விஷயமே இவருக்குத் தெரியாது.

"ரெண்டும் ஒண்ணு இல்லையா சாமி?" என்று இருளாயி கேட்டாள்.

"இல்லைம்மா. நீ கைக்காசு போட்டுச் செலவழிச்சதைத் திருப்பிக் கொடுத்தா ரீஇம்பர்ஸ். உனக்குப் போனதுக்கு ஈடு கட்டினாத்தான் காம்பன்சேட்."

"அப்ப வெரலுக்கு ஒண்ணும் தரலைல்ல?"

"தரலை."

"இதை லேபர் ஆபீஸில் வந்து சொல்லும்" என்றேன். அவர் மெஷினுக்குத் துணி போட்டு மூடினார்.

"வரமாட்டேன். என் பொண்ணு ஜானுவுக்கு வரன் பாத்துண்டிருக்கேன். மாசம் அறுபது பக்கம், ஓய். நீர் தருவீரா?"

நான் தர முடியாது. மூன்று தடவை போய்க் கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் போனேன். அப்போதெல்லாம் அதுதான் என் வேலை.

முதல் விசாரணையில், டைப் அடித்தவரே அந்த வார்த்தையை மாற்றிப் போட்டார் என்று நாங்கள் சொன்னதும் முதலாளி வக்கீல் எழுந்து, ரெண்டு வார்த்தையும் ஒன்றுதான், படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிக்கிறவனுக்கு இங்கிலீஷில் நுணுக்கம் என்ன தெரியும் என்றார். அதிகாரியும் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே ஹாலாஸ்யத்திடம் போய் அதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று பொய் பேச மாட்டேன். உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் ரிப்பனைக் கழற்றித் திருப்பி மாட்டினார். விரலெல்லாம் மை.

அடுத்த விசாரணைக்கு வந்து நின்றார். பழைய கோட்டு, இஸ்திரி போட்டது. வக்கீல் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்ன சுவாமி, ரீஇம்பர்ஸ், காம்பன்சேட், ரெண்டும் பணத்தைத் திருப்பிக் குடுக்கறதுதானே?"

"சார், உங்க சட்டைல நான் காபியைக் கொட்டிட்டேன்னு வெச்சுக்கோங்கோ. வெளுக்கறதுக்கு நீங்க எட்டணா கொடுத்தேள். அந்த எட்டணாவை நான் தந்தா ரீஇம்பர்ஸ். கறை போகலை, சட்டையே வீணாயிடுத்து. அதுக்குத் தந்தா காம்பன்சேட். இப்போ இங்க நின்னு பேசறேளே, இதுக்கு முதலாளி உங்களுக்குத் தர்றது ரெமுனரேட்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு வெளுக்கற கூலிதான் கொடுத்திருக்கா. சட்டைக்குக் கொடுக்கலை. செலவுக்கான பணம்னு கேட்டுத் தெரிஞ்சுண்டுதான் நான் அந்த வார்த்தையை அடிச்சேன்."

வக்கீலுக்கு முகம் மாறியது. "இதைச் சொல்ல சங்கத்துல எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு பைசா இல்லை."

"இனிமே குடுப்பாங்களோ?"

"கொடுத்தாலும் வாங்க மாட்டேன்."

எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இருளாயிக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அப்பீல் போவேன் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலாஸ்யம் சாட்சி சொன்ன மறுநாளே பாக்டரிக் கடிதங்கள் வருவது நின்றுபோயிருந்தது. அவர்களைப் பார்த்து இவரிடம் வந்துகொண்டிருந்த மற்ற இரண்டு பஞ்சு வியாபாரிகளும் நிறுத்தினார்கள். ஜானுவின் வரன் தள்ளிப் போனது. கோரிப்பாளையம் மேஜைக்கு வாடகை கட்ட முடியவில்லை. ஆனையூரில் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போய், ஜன்னலோரம் மெஷினை வைத்துக்கொண்டு காலேஜ் பையன்களுக்கு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கமிட்டியில் நான் சண்டை போட்டு ஐம்பது ரூபாய் வாங்கினேன். வவுச்சரில் 'சன்மானம்' என்று எழுதி, இருளாயியையும் கூட்டிக்கொண்டு ஆனையூர் போனேன். அவள் ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்திருந்தாள்.

"ஒங்களுக்கு நான் என்னத்த சாமி செய்வேன்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்தப் பொண்கள் படிக்கறதுகளா?"

"மூத்தவ போறா சாமி."

ஸ்யாமளா பையை வாங்கிக்கொண்டே புருஷனைப் பார்த்தார். "கடலையையாவது உள்ள வைக்கட்டுமா? இல்லே, இதுக்கும் தனியா ஒரு வார்த்தை இருக்கா?"

அவர் வவுச்சரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"அப்பீல் வந்தா அந்த வக்கீல் மறுபடி கேப்பான், ஓய். சங்கத்துல எவ்வளவு வாங்கினேன்னு."

"யாருக்குத் தெரியப்போகுது சாமி? புடிங்க" என்றாள் இருளாயி.

"வவுச்சர்ல என் கையெழுத்து இருக்குமே."

"ஐம்பது ரூபா" என்றார் ஸ்யாமளா, அடுப்படியிலிருந்து. அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது.

ஹாலாஸ்யம் பேனாவை எடுத்து 'சன்மானம்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். ஐம்பதையும் அடித்தார். மேலே 'பஸ் செலவு, போக வர, அறுபது பைசா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து, அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். விசாரணைக்கு வந்த அன்றைய டிக்கெட்.

என்னிடம் சில்லறை இல்லை. ஒரு ரூபாய்த் தாளை நீட்டினேன். உள்ளே போய்த் தேடி, நாற்பது பைசா எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே பஸ் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் போங்கோ. இதை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம் ஆகும்."