புங்கமரத்தை வெட்டிச் சவுக்கு வைத்தேன்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் சித்தூர் வீட்டு வாசலில் காலை வைத்தால் பொரியை மிதித்த மாதிரி இருக்கும். புங்கம்பூ. ராத்திரியெல்லாம் கொட்டி, விடியும்போது வாசல் முழுக்க வெள்ளையும் லேசான ஊதாவுமாகக் கிடக்கும். அம்மா பெருக்கி முடித்து நிமிர்வதற்குள் மறுபடியும் அவ்வளவு கிடக்கும்...

அந்த மரத்தடியில்தான் நைனா, என் அப்பா. மிஷன் ஸ்கூலில் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு இரும்பு நாற்காலி, ஒரு பேப்பர், அவ்வளவுதான் அவர் ஆபீஸ். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், போஸ்ட்மேன், கறிவேப்பிலைக்காரம்மா எல்லாரும் அந்த நிழலில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். பாதிப் பேச்சு தமிழில், மீதி தெலுங்கில்.

கிறிஸ்மஸ் வந்தால் நைனாவுக்குக் கால் தரையில் நிற்காது. குடிபாலா பக்கம் தெரிந்தவர் கொல்லைக்குப் போய், நல்ல சவுக்கு நுனியாகப் பார்த்து வெட்டி, பஸ் மேலே போட்டுக் கொண்டு வருவார். எங்கள் சபையில் முக்கால்வாசி வீட்டில் சவுக்குதான் கிறிஸ்மஸ் மரம். பஞ்சு, கலர் பேப்பர், ஒரு ஸ்டார்... முடிந்தது.

ஒரு நவம்பரில் நைனா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வேலூரில் ஆபரேஷன். அம்மா கூடவே இருந்தார்கள். நான் அப்போது திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவு போட்டு சித்தூர் வீட்டில் தங்கி, வேலூருக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

"இந்த வருசம் மரம் கொண்டார முடியாதேப்பா" என்று படுக்கையில் கிடந்தபடி ஒரு தரம் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன் நான். வாசலிலேயே ஒரு சவுக்கு வைத்துவிட்டால் இனிமேல் அவர் குடிபாலாவுக்கு அலைய வேண்டாம். திரும்பி வந்து பார்த்து அசந்துபோக வேண்டும்!

ஆனால் சவுக்குக்கு வெயில் வேண்டும். புங்கம் நிழலில் அது தேறாது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே... பரீட்சை எழுதுகிற மாதிரி இரண்டு மரத்துக்கும் மார்க் போட்டேன். புங்கம்? வருஷம் முழுக்கக் குப்பை. இலையெல்லாம் கொப்புளம். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம், சொறி சிரங்குக்குப் போடலாம். மரம் விறகுக்குத்தான் ஆகும். சவுக்கு? நேராகப் போகும், சீக்கிரம் வளரும். பந்தல் காலுக்கு ஆகும், சாரம் கட்ட ஆகும், எரித்தாலும் நின்று எரியும். இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றி, பக்கக் கிளையைக் கழித்துவிட்டால் போதும். சவுக்கு பாஸ், புங்கம் ஃபெயில்.

நிழலுக்கு மார்க் போட மறந்துவிட்டேன்.

இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு ஒரே காலையில் வெட்டிச் சாய்த்தேன். வேரையும் தோண்டி எடுத்தாயிற்று. நர்சரியிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கன்று வாங்கி நட்டு, உச்சியில் ஸ்டாரும் கட்டினேன்.

டிசம்பர் நடுவில் நைனாவை வேனில் கொண்டு வந்தோம். இறக்கி உட்கார வைத்ததும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெறகெல்லாம் யாருக்குப்பா குடுத்த?" என்றார். வெட்டின ஆட்களே எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். "நல்லா வெச்சிருக்க" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், முட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் முழுக்க எனக்குத் திருப்பதியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன். சபை முடிந்து வந்து பார்த்தால் நைனா சவுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷத்தில் அது வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது. ஆனால் நிழல் என்னவோ கோடு கோடாகத்தான் விழும். பேப்பரைத் தலைமேல் பிடித்துக்கொண்டிருப்பார். வெயில் அடிக்குதா நைனா என்று கேட்டால், காற்று நல்லா வருதுப்பா என்பார். நானும் நம்பிக்கொண்டு பெருமையாக உள்ளே போய்ச் சாப்பிட உட்காருவேன்.

அப்படியே நாலு வருஷம். நைனா போனார். கொஞ்ச நாளில் அம்மாவும் போனார்கள். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.

போன மாசம் குடியிருப்பவர் போன் செய்தார். சவுக்கு கரண்ட் கம்பி மேல் சாய்கிறதாம், வந்து பாருங்கள் என்றார். போனேன். உச்சி வெயிலில் அதன் அடியில் நின்றேன். ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. மண்டை காய்ந்துவிட்டது. எதிர் வீட்டு முனிரத்னம் அண்ணன் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அவர் வாசலிலும் ஒரு புங்கம், நல்ல அடர்த்தி. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா, உங்க நைனா உக்கார்ற எடம்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வாக்கர் வெச்சிகினு தெனம் ரோடு தாண்டி வந்துடுவாரு. சாயந்திரம் வரைக்கும் இங்கதான். நீ வர்ற ஆதிவாரம் மட்டும் வரமாட்டாரு. பையன் வர்றான், அவன் வெச்ச மரத்தாண்டதான் உக்காரணும், இங்க பாத்துட்டான்னா மனசு ஒடஞ்சிடுவான்னு சொல்லுவாரு."

அந்தக் காலோடு... அந்த ரோட்டை...

அம்மாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது நாங்கள் இருப்பது திருப்பதியில், திருச்சானூர் ரோட்டில் ஒரு பிளாட். கிறிஸ்மஸ் மரம் பிளாஸ்டிக். அட்டைப் பெட்டியில் மடித்து லாஃப்டில் கிடக்கிறது. எந்த மரத்தையும் வெட்ட வேண்டாம், எதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நான் செய்வதெல்லாம் சரி என்று என் மகனும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறான். முன்பெல்லாம் அது சந்தோஷமாக இருந்தது. இப்போது அவன் தலையாட்டும்போது பயமாக இருக்கிறது.

ஒரு தரம் என்னைத் திட்டியிருக்கலாம் நைனா. மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.