நான் குளிசை விற்பதில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பு மெலிய வைக்கும் குளிசை எதுவும் நான் விற்பதில்லை. என்னை நேரில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை... என் வயிறே சாட்சி!

போன மாதம் டோஹாவிலிருந்து நிஸ்தார் கோல் எடுத்தார். மன்னாரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது ஒரே வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள் நாங்கள். "என்ன நானா, உங்கட மெயிலக் கண்டதும் இன்னாலில்லாஹி சொல்லிட்டுத்தான் திறந்தேன். உள்ளுக்குப் பார்த்தா குளிசை விளம்பரம்" என்றார் கடுப்பாக.

சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹி, என் மெயிலுக்கு ஏன்? எங்கள் ஊர்ச் சனம் புத்தளத்தில் பாதி, கத்தாரில் கொஞ்சம், லண்டனில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. யார் மௌத்தானாலும், யார் நோயில் விழுந்தாலும் எல்லோருக்கும் மெயில் போடுவது நான். அதனால் என் பெயரைக் கண்டாலே சனத்துக்கு நெஞ்சு பதறும். அந்தப் பெயரில்தான் எவனோ ஒருவன் குளிசை விற்கிறான்!

பாஸ்வேர்டை மாற்றினேன். குளிசை நிற்கவில்லை. கொம்பியூட்டர் கடைக்காரரிடம் ஓடினேன். என் மெயிலுக்குள் எவனும் நுழையவில்லையாம். கடித உறையில் அனுப்புபவர் என்று யாரும் யார் பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா – அப்படித்தானாம். தடுக்க வழி? கையை விரித்துவிட்டார். புது முகவரி எடுத்து, 'இதுதான் உண்மையான நான்' என்று எழுதலாம்தான். ஆனால் கள்ளனும் அதைத்தானே எழுதுவான்?

இதுவரை சிரிக்கலாம். இனி எனக்குச் சிரிப்பு வராது.

றபீக்கும் அதே வள்ளத்தில் வந்தவர்தான். நிஸ்தாரின் பள்ளிக்கூடக் கூட்டாளி. காணிப் பிரச்சினை ஒன்றில் முறைத்துக்கொண்டு இருவரும் பல வருடங்களாகக் கதைப்பதில்லை. அண்மையில் கடும் நோயில் கிடந்த றபீக்கை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஸ்தார ஒருக்கா கதைக்கச் சொல்லுங்க நானா. மாப்புக் கேட்கணும்." மன்னிப்புக் கேட்காமல் மௌத்தாக அவருக்கு மனமில்லை.

நிஸ்தார் போன் கார்ட் போட்டுக் கோல் எடுப்பவர். திருப்பி எடுக்க நம்பர் விழாது. கத்தாரில் மற்றவர்களையும் நான் பிடிப்பது மெயிலில்தான்; எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். அன்று பின்னேரமே போட்டேன். பதில் இல்லை. திரும்பவும் போட்டேன். நான் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம், என் போன் அடித்தால் றபீக் தலையைத் திருப்பிப் பார்ப்பார். வியாழக்கிழமை மௌத்தானார்.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த பிறகு கோல் வந்தது. வேறு யாரோ சொல்லித்தான் நிஸ்தாருக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்கட பேரக் கண்டதும் குளிசைதானே எண்டு அழிச்சிட்டேன் நானா. நான் அவர எப்பவோ மாப்புச் செஞ்சிட்டேன். இனி அத யார் போய் அவருக்குச் சொல்லுற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளநோட்டு அடித்தவனுக்கு மறியல்வீட்டுச் சிறை உண்டு. கள்ளக் கையெழுத்துப் போட்டவனுக்கும் உண்டு. ஒரு மனிதனின் பெயரை எடுத்து, அதை யாருமே திறந்து பார்க்காத குப்பையாக்கியவனுக்கு என்ன உண்டு? ஒன்றும் இல்லை. அவன் இன்றைக்கும் குளிசை விற்றுக்கொண்டுதான் இருப்பான்.

'யார் போய் அவருக்குச் சொல்லுற' என்ற நிஸ்தாரின் கேள்வியை அந்தக் கள்ளனுக்கே அனுப்பலாம் என்று பார்க்கிறேன்... என் முகவரி அவனிடம் இருக்கிறது, அவன் முகவரி யாரிடம் இருக்கிறது?