இறகுத் தூண்டில்

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். டாக்குரியா குளக்கரை என்றாலே பயம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அம்மா என்னை அங்கேதான் இழுத்துக்கொண்டு போவாள். மற்ற நாளெல்லாம் லேக் மார்க்கெட்டில் ஒரு இட்லிக் கடைக்கு மாவாட்டுவாள். அவள் முன்பு வேலை பார்த்த வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போகும்போது தன் தூண்டிலைக் கொடுத்து, வீசவும் சொல்லிக் கொடுத்திருந்தார். அதற்குப் புழு வேண்டாம், மாவு உருண்டை வேண்டாம். தூண்டில் முள்ளில் கோழி இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, நூலைத் தலைக்கு மேலே பின்னால் வீசி, அப்புறம் முன்னால் வீச வேண்டும். பின்னால் யாராவது வந்தால் "ஆளு!" என்று கத்துவது என் வேலை.

கரை முழுக்க வங்காளி ஆண்கள், ஸ்டூலில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண் என்று அம்மா ஒருத்திதான்.

"பொம்பள வந்தா மீன் கடிக்காது. இவ சாட்டை வேற சுத்துறா," என்று வங்காள மொழியில் உறுமுவார் ஒரு பெரிய மீசைக்காரர். என்றைக்காவது அவர் அம்மாவைக் குளத்தில் தள்ளிவிடுவார் என்றே நம்பினேன்.

"போயிரலாம்மா."

"நாமளும் மீன் பிடிக்கச் சீட்டு வாங்கித்தானடி வந்திருக்கோம். நீ பின்னாடி பாரு."

ஒரு நாள் அவர் கையை ஆட்டிக்கொண்டே எழுந்து எங்கள் பக்கம் வந்தார். நான் அலறிய அலறலில் அம்மாவின் கை பாதியில் நின்றது. நூல் அவள் மேலேயே விழுந்து, முள் கழுத்தில் ஏறிவிட்டது. மீசைக்காரர் ஓடிவந்து அவள் தலையைப் பிடித்து அழுத்தி, கழுத்தருகே ஒரு நூலைச் சுற்றினார். கொல்லத்தான் போகிறார். அவர் கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அவர் விடவில்லை. முள்ளில் சுற்றியிருந்த அந்த நூலைச் சட்டென்று இழுத்தார். முள் வெளியே வந்து விழுந்தது.

"தீதி, பொண்ணுக்கு வீட்டுல கறியே போடுறதில்லையா?" என்றார் கையை உதறிக்கொண்டு. தீதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

அடுத்த வாரம் போனால் எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. ஸ்டூல்களைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். நான் கடித்ததால்தான் அம்மாவை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காலி இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

வருஷக்கணக்காக அங்கே தூண்டில் வீசிய அம்மா போன மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். வீட்டில் தனியாகப் படுக்க இன்னும் பயமாக இருக்கிறது. நேற்று தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். எனக்கு வீசத் தெரியாது. அவள் நிற்கும் இடத்தில் சும்மா நின்றேன். யாரோ ஒரு புது ஆள் எனக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டார். மீசை நரைத்துப்போன அந்தப் பழைய மீசைக்காரர் தூரத்திலிருந்தே அவரைப் பார்த்துக் கத்தினார்:

"ஏய், அங்க போடாத! தீதியோட நூல் பின்னாடி போற இடம் அது."