போச்சுப் பெட்டி

எட்டே முக்காலுக்குப் பள்ளி வேன் தெருமுனையில் திரும்பும்போதே பெரிய டீச்சர் இடது கையை முழங்கை வரை திறந்து நீட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார். மணிக்கட்டில் ஸ்டீல் பட்டை போட்ட ஆண்கள் வாட்ச். அது ஓடாமல் நின்று பல வருடம் ஆகிறது. ரிப்பேருக்குக் கொடுக்கக் கூடாதா என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள். "நேரம் பாக்கவா கட்டியிருக்கேன்? இதாம்மா என் மூஞ்சி. மூஞ்சியை யாராவது ரிப்பேருக்குக் குடுப்பாங்களா?"

வேனிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு அது நிஜமாகவே மூஞ்சிதான். பதினான்கு வயது. பிறவியிலிருந்தே கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. பள்ளியில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். எதிர்ப்படும் ஒவ்வொரு மணிக்கட்டையும் தடவிச் சோதனை போடாமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டாள். ஆயாம்மாவுக்கு இரண்டு ரப்பர் பேண்ட், டிரைவருக்குக் காப்பு, வகுப்பு டீச்சருக்கு முடிச்சுப் போட்ட கயிறு. ஒருநாள் ஆயாம்மா ரப்பர் பேண்டை மறந்துவிட்டு வந்தார். "போய் எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா அவளைப் பொறுத்தவரைக்கும் இன்னிக்கு நீங்க லீவு" என்று பெரிய டீச்சர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஆயாம்மா போகும்போதும் திட்டினார், வரும்போதும் திட்டினார். ஆனால் அதற்குப் பிறகு மறந்ததில்லை.

இந்தச் சிறப்புப் பள்ளியில் பெரிய டீச்சருக்கு முப்பத்திரண்டு வருட சர்வீஸ். கடைசிப் பதினாறு வருடம் தலைமை ஆசிரியை. வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அன்றைய விழாவில் பேசப்போகிறவர்கள் 'பொறுமையின் சிகரம்' என்று எழுதி வைத்திருப்பதாகக் காதில் விழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! பயம்மா, பயம். பயந்து பயந்தே ஒரு சர்வீஸை ஓட்டிட்டேன்."

பொய் சொல்லவில்லை. தண்ணீர் நிரம்பிய வாளியைக் கண்டால் முதலில் கவிழ்ப்பார், அப்புறம்தான் யாருடையது என்று கேட்பார். கேட் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். நான்காவது தடவை ஆயாம்மாவை இழுக்கச் சொல்வார். வகுப்பு நேரத்தில் போன் அடித்தால் ஒரு கை போனுக்குப் போகும், மறு கை ஆஸ்பத்திரி நம்பர் எழுதிய தாளைத் தேடும். பிள்ளைகளுக்கு வலிப்பு வந்த செய்தியெல்லாம் அப்படித்தான் வந்திருக்கிறது. "சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா இவ படம் பாக்க மாட்டா. வெளியே போற கதவு எங்கேன்னு பாத்துக்கிட்டு இருப்பா" என்பார் வீட்டுக்காரர். "ரிட்டயர் ஆனப்புறம் அந்தத் தாழ்ப்பாளையும் கழட்டி எடுத்துட்டு வந்துடுவியா?"

அதெல்லாம் பழகிப்போன பயங்கள். இந்த மாதம் அவரைப் பிடித்து ஆட்டுவது வேறு.

இன்ஸ்பெக்டரின் நாள் ஒரு மர அலமாரியில் வரிசையாக இருக்கும். ஸ்பூன் இருந்தால் சாப்பாடு, துண்டு இருந்தால் குளியல், கயிறு இருந்தால் ஊஞ்சல். வேலை முடிந்ததும் பொருளைக் கவிழ்த்து வைப்பாள். நாளைக்கு மறுபடி வரும் என்று அர்த்தம். இனி வரவே வராதவற்றுக்குக் கீழே மூடி போட்ட ஒரு பெட்டி. கால் வளர்ந்து போடமுடியாமல் போன ஷூ, அறுந்த ஊஞ்சல் கயிறு, கைப்பிடி உடைந்த டம்ளர் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவளே உள்ளே போட்டு, மூடியை அழுத்தி, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்ப்பாள். போச்சு. அதனாலேயே எல்லோருக்கும் அது போச்சுப் பெட்டி. புதிதாக வரும் டீச்சர்களுக்குப் பெரிய டீச்சர் சொல்லும் முதல் சட்டமே அதுதான். "உள்ளே போனது போனதுதான். பாவமா இருக்குன்னு ஒரு தடவை திரும்ப எடுத்தீங்க, அந்தப் புள்ள அப்புறம் எதையுமே நம்பாது."

அந்தப் பெட்டியை அவரே ஒருமுறை ஏமாற்றியிருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால், மணி கோர்த்த வளையல் போட்ட ஒரு டீச்சர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். இன்ஸ்பெக்டருக்கு அவர் என்றால் உயிர். முறைப்படி வளையலைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் பெரிய டீச்சருக்கு மனசு வரவில்லை. "அழ வெச்சுட்டுப் போக வேணாம்மா. அவ தூங்குறப்போ சத்தம் காட்டாமப் போயிடு" என்றார். காது கேட்காத பிள்ளைக்குச் சத்தம் காட்டாமல்! பத்தொன்பது நாள் அவள் கேட்டருகே உட்கார்ந்து, வருகிற கைகளையெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. "அவ அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்பார் பெரிய டீச்சர்.

அப்படிப் பட்டும் புத்தி வந்ததா என்றால், எங்கே வந்தது? பயம் வந்தால் புத்தி முதலில் வெளியே போய்விடுகிறது. போன வாரம் ஒரு காலையில் வாட்சைக் கழற்றி, தன் இடத்துக்கு வரப்போகிற புது ஹெச்.எம். கையில் கட்டி வாசலில் நிறுத்திவிட்டு, தன் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூஞ்சியையே கொடுத்துவிட்டால் பிரிவே தெரியாது என்று கணக்கு. இன்ஸ்பெக்டர் வாட்சைத் தொட்டாள், சிரித்தாள். பிறகு விரல்கள் மேலே ஏறின. பெரிய டீச்சரின் முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு. இந்தக் கை வழவழவென்று இருந்தது. மேலும் கீழுமாக மூன்று தடவை தேடினாள். பட்டையின் கொக்கியை அவளே கழற்றினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்கு வந்து, கதவுக்குப் பின்னால் நின்றவரைக் கண்டுபிடித்து, வாட்சை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அன்று முழுவதும் அதன் பிறகு அவரைத் தொடவே இல்லை.

"இத்தனை வருஷத்துல புள்ளைங்ககிட்ட நான் பொய் சொன்னது ரெண்டே தடவை. ரெண்டும் இவகிட்ட" என்று அன்று மாலை ஆயாம்மாவிடம் சொன்னார் பெரிய டீச்சர்.

"உண்மையைச் சொல்லிடுங்க டீச்சர். அவ தாங்குவா" என்றார் ஆயாம்மா.

"தாங்கலேன்னா? மறுபடியும் கேட் கிட்ட உக்காந்துட்டா? நான் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன், சொல்லுங்க."



வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று மணி. கூடத்தில் விழாவுக்கு நாற்காலி இழுக்கும் சத்தம். அலமாரிக்கு முன்னால் பெரிய டீச்சர் தரையில் உட்கார்ந்தார். வாசலில் புது ஹெச்.எம்., ஆயாம்மா, பெண்ணின் அம்மா. அம்மா முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். பெரிய டீச்சருக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பட்டையின் கொக்கி விரலுக்குச் சிக்கவில்லை. இன்ஸ்பெக்டர்தான் கழற்றிவிட்டாள். அவளுடைய கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

அவள் வாட்சை மோந்து பார்த்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவளுடைய விரல்கள் மேலே ஏறித் தழும்பைத் தேடித் தொட்டன, வெறும் மணிக்கட்டுக்கு இறங்கி வந்தன. மூடியைத் திறந்தாள். பழைய ஷூவின் மேல் வாட்ச் விழுந்தது. மூடினாள்.

அடுத்த நொடி பெரிய டீச்சரின் கை தன்னால் பெட்டிக்குப் போயிற்று. இத்தனை வருடம் யாரையும் செய்யவிடாத காரியத்தைச் செய்ய, மூடியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கியது.

இன்ஸ்பெக்டரின் கை அங்கே ஏற்கெனவே இருந்தது. மூடியை அவள் அழுத்தி மூடினாள். பிறகு தட்டித் தடவி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, மெதுவாகத் தேய்த்துவிட்டாள்.