பேசிக்கொண்டே போக வேண்டிய குதிரை

எனக்குச் சும்மா இருக்க வராது. வேலை பார்க்கிற அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்து மெஷினுக்கு முன்னால் இருக்கும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அண்ணா வீட்டுக்குத் திரும்பி வந்த அந்த வருடம் அது இன்னும் மோசம். கொழும்புப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திருகோணமலைக்கு வந்திருந்தார். ஆஸ்பத்திரித் துண்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதியிருந்தது. ஊர் அதைச் சுருக்கமாக விசர் என்றது. அவருக்கு மட்டும் கேட்கிற குரல்கள் இருந்தன. விடிந்ததிலிருந்து அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மா இல்லாத வீடு. கடற்படை டொக்யாட்டில் ஸ்டோர் பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, அண்ணா, நான், மூன்று பேர்தான். அண்ணா வந்து இறங்கிய அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார்.

“இஞ்சயே இருக்கட்டும். ஆனா இன்னொருக்கா ஏதும் நடந்தா திரும்பக் கொண்டுபோய் விட்டிடுவன். எனக்கு இனி ஏலாது.”

அண்ணா அதைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரையே இல்லை. அவர் குரலை உயர்த்தினால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். பக்கத்து வீட்டார் எங்கள் வாசல் படலையில் கை வைத்தாலே முந்திக்கொண்டு போய் மறித்து நிற்பேன். “மெதுவா, அண்ணா. கொஞ்சம் பேசாம இருங்கோ.” ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! மருந்துக் குளிசை கொடுப்பதும் நான்தான். காலை ஒன்று, இரவு ஒன்று. போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருப்பேன்.

குதிரைக் கதையைத் தொடக்கிவைத்தது எங்கள் டொக்டர். இளம் ஆள். குளிசை மட்டும் காணாது, ஒரு மிருகத்தோடு பழகுகிற வேலை கிடைத்தால் நல்லது என்றார். வெளிநாட்டில் இப்படியான நோயாளிகளைக் குதிரைகளோடு விடுகிறார்களாம், எங்கேயோ வாசித்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டொக்டர், வீட்டில இருக்கிற கரைச்சல் காணாதெண்டு குதிரையும் வேணுமோ?”

அவர் சிரிக்கவில்லை. உப்புவெளியில் ஒரு குதிரை நிற்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போனபோது ஒரு துரையின் பெண்குதிரை, அதைப் பராமரித்த மூதூர்க்காரரின் கையில் வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் அவரை நானா என்போம். அந்தக் குதிரையை வண்டியில் பூட்டி பேக்கரிகளுக்கு விறகு இழுத்தார். பிறகு அதன் கண் இரண்டும் மெல்ல மெல்ல வெளுத்து, பார்வை முழுவதும் போய்விட்டது. விற்கவும் மனமில்லை, நாள் முழுக்க முன்னால் நடக்க அவருடைய முழங்காலும் விடவில்லை. ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். நானா அண்ணாவை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணா வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

“ஏன் தங்கச்சி கிள்ளுறீங்க? பேசட்டும் விடுங்க,” என்றார் நானா. “இதுக்குக் கண் தெரியாது. பக்கத்தில போற ஆள் வாய் ஓயாமப் பேசணும். பேசினாத்தான் ஆள் எங்க நிக்குதெண்டு அதுக்குத் தெரியும். சத்தமில்லாமப் போனா நாயோ நரியோ எண்டு உதைச்சிப் போடும். நாளெல்லாம் பேச எனக்கு என்ன கதை இருக்கு? நம்மட வாய்தான் வலிக்குது.”

ஊரெல்லாம் வாயை மூடு என்று சொன்ன மனிதரிடம், வாயை மூடாதே என்று கேட்ட முதல் ஆள் அவர். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்க நுளம்பு கடிக்கிறது என்று காலைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணாவுக்குச் சுகமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குரல்கள் போகவில்லை. ஆனால் விடிய எழும்பினார், முகம் மழித்தார், உப்புவெளிக்கு நடந்தார். குதிரையின் கழுத்தோடு ஒட்டி நடந்துகொண்டு, “கல்லு வருது, இடப்பக்கம் பள்ளம், இப்ப பஸ் ஒண்டு போகும், பயப்படாத,” என்று சொல்லிக்கொண்டே போவார். கடைத்தெருவில் விசரனும் குருடியும் ஊர்வலம் போகினம் என்று பகிடி பண்ணினார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போலிருக்கும். அண்ணா தலையைத் திருப்பவே மாட்டார். ஒருநாள், குரல்கள் இப்போதும் கேட்கிறதா என்று கேட்டேன்.

“ஓம், கேக்குது. ஆனா அவையும் இப்ப ரோட்டைத்தான் பாக்கினம்,” என்றார்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. நான் அப்படியே விட்டிருக்க வேண்டும்.

எனக்கு ஒரு கலியாணச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெருகலுக்கு அங்கால் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். தமையனுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று அவர்களுக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. ஒளித்தால் இன்னும் கதை வரும், அவனும் வந்து இருக்கட்டும் என்றார் அப்பா. அண்ணா ஒரு அரை மணித்தியாலம் வாயைத் திறக்காமல் கதிரையில் இருந்தால் போதும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கிழமை முழுக்க வீட்டைக் கூட்டினேன், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் குசினியில் இரண்டு குளிசைகளைக் கரண்டியால் நசித்து, அண்ணாவின் தேத்தண்ணியில் போட்டேன். சீனியைக் கூடுதலாகப் போட்டுக் கலக்கினேன். அவர் ஒன்றும் கேட்காமல் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது, முணுமுணுப்பு நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது அண்ணா எழும்பிப் போயிருக்கிறார். பின்நேரம் குதிரைக்குத் தண்ணி வைப்பது அவருடைய வேலை, அது அந்த மயக்கத்திலும் மறக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் கதிரை காலி. தேட ஆளனுப்ப முன்னர் மாப்பிள்ளை வீட்டார் படலைக்கு வந்துவிட்டார்கள். நான் பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நானா சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். மேல்சட்டையில் இரத்தம்.

“தம்பிக்குக் குதிரை உதைச்சிட்டு! காரில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டன். ஒரு சத்தமும் போடாமப் பின்னால போயிருக்கார். ஒரு நாளும் அப்பிடிச் செய்ய மாட்டாரே!”

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள். அப்பா செருப்பைத் தேடினார்.

விலா எலும்பு மூன்று முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஆள் இவ்வளவு மயக்கமாக இருந்தது ஏன், குளிசை சரியாகத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார். “ஓம் டொக்டர்,” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

அப்பா முடிவெடுத்துவிட்டார். சுயநினைவில்லாமல் குதிரையின் காலுக்குள் போகிற ஆளை இனி வீட்டில் வைத்திருக்க ஏலாது. இந்த ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வெளியே விட்டதும் நேரே கொழும்பு ரெயில். நான் கச்சேரிக்குப் போனேன், ஒரு கடிதத்தை நாலு தரம் பிழையாக அடித்தேன், திரும்பி வந்தேன். முற்றத்துக்கும் குசினிக்குமாக நடந்தேன். சொன்னால் அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் அண்ணா போய்விடுவார், இந்த முறை திரும்பி வரவும் மாட்டார். இந்த இரண்டும் மாறி மாறி வந்தன.

நாலாம் நாள் அப்பா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அண்ணாவின் சாரங்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மழிக்கிற சாமானையும் உள்ளே வைத்தார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

“அப்பா, அண்ணாவில பிழையில்லை. நான்தான் தேத்தண்ணிக்குள்ள குளிசை போட்டுக் குடுத்தனான். அவை வரேக்க பேசாம இருக்கட்டும் எண்டு.”

அப்பா நிமிரவில்லை. கையிலிருந்த சாரத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார்.

“தெரியும் பிள்ளை. குசினி வாசல்ல நிண்டு கண்டனான். எனக்கும் அதுதான் வேணுமாயிருந்தது. நீ வாய் திறக்காட்டி நானும் சொல்லியிருக்க மாட்டன். அவனை ரெயில்ல ஏத்திப்போட்டு வந்திருப்பன்.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு முகமில்லை. இரண்டு பேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நிலத்தில் இருந்தோம். பிறகு அப்பா சாரங்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு எழும்பிச் சட்டையைப் போட்டார். அவனிட்டயே போய்ச் சொல்லுவம், வா என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணா சுவரில் சாய்ந்திருந்தார். கட்டு இறுக்கியதில் அவருக்கு மூச்சு விடவே நோவு. நான் சொன்னேன். அப்பாவும் தன் பங்கைச் சொன்னார். அண்ணா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையை விரித்து என் பக்கம் நீட்டினார்.

“அலுமாரித் திறப்பைத் தா. இனி என்ர குளிசையை நானே எடுப்பன்.”

இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.