காணாமல் போன நடுக்கோடு

அலுவலகத்தில் அவளை மூலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வரைபடங்களைக் கணினியில் போடுவது அவள் வேலை. யார் போட்ட படமானாலும் அவள் கண் முதலில் போவது சுவரும் சுவரும் சேரும் இடத்துக்குத்தான்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு சுவர்களை ஒட்டிப் போட்டால், நடுவிலிருக்கும் கோட்டைத் தானாகவே அழித்துவிட்டு இரண்டையும் ஒன்றாகக் காட்டும். பெரும்பாலும் அது வசதிதான். படம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பழைய சுவரை ஒட்டிப் புதுச்சுவர் எழுப்பும் இடத்தில் இரண்டும் வேறுவேறு என்று கொத்தனாருக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே சுவரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துச் சுவரோடு சேராதே என்று அதற்குச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்தவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுவார்கள். அவள் மறந்ததில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஒரே தங்கை. தங்கை புருஷன் வீடு தேடியபோது, அக்கா வீட்டுக்கு முதுகை ஒட்டி நின்ற வீடு விலைக்கு வந்தது. தங்கை ஒற்றைக்காலில் நின்று அதை வாங்க வைத்தாள். அக்காவின் சமையலறைச் சுவரும் தங்கையின் பின்னறைச் சுவரும் ஒட்டி நின்றன. ஆனால் வாசல்கள் வேறுவேறு தெருவில். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக, பள்ளிக்கூட மதிலைச் சுற்றி, மருந்துக்கடை முக்கில் திரும்பி நடக்க வேண்டும்.

தங்கை நோயில் விழுந்ததும் அந்தப் பின்னறையில்தான் படுக்க வைத்தார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை போய்வந்தாள். மற்ற நேரமெல்லாம் போன்தான்.

"என்னக்கா, பாத்திரத்து மேல இவ்வளவு கோவம்? இங்க வரைக்கும் கேக்குது."

"தூங்காம என் பாத்திரத்த எண்ணிட்டு இருக்கியா?"

"வேற என்ன வேலை எனக்கு? அக்கா, இந்தச் செவுத்துல ஒரு கதவு வச்சா என்ன? நினைச்சப்ப நீ வந்துடலாம்ல?"

அக்கா அன்றே கொத்தனாரை அழைத்துவந்து காட்டினாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு நாள் வேலைம்மா. நாளைக்கே ஆரம்பிச்சுடலாமா?"

"அனுமதி வாங்கணுமே அண்ணே."

"உள்ளுக்குள்ள ஒரு கதவு. யாரு வந்து பாக்கப் போறா?"

தங்கையும் அதையேதான் சொன்னாள். அக்கா கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் படம் போட்டு அனுமதி வாங்கித் தருகிறவள், தன் வீட்டுச் சுவரைத் திருட்டுத்தனமாக உடைப்பதா என்று அவளுக்குப் பட்டது.

மதிய இடைவேளையில் படத்தைப் போட்டாள். பாதியில் தங்கையிடமிருந்து போன். பேசக்கூட முடியாமல் இருமினாள். அக்கா அவசர அவசரமாக முடித்து, அச்செடுத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அனுமதி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி அவளுக்குப் பழக்கமானவர்தான். படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரே சுவரா காட்டியிருக்கீங்களேம்மா. பொதுச்சுவர்னா ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து எழுதிக் கொடுக்கணும். தனித்தனி சுவர்னா கதவுக்கு மேல ரெண்டுக்கும் தனித்தனியா தாங்கு கட்டை காட்டணும். இது எது?"

அவள் பார்த்தாள். நடுக்கோடு இல்லை. மென்பொருள் இரண்டு சுவர்களையும் கலந்து ஒன்றாக்கி வைத்திருந்தது.

"தனித்தனி சார். நான்தான் கவனிக்கல."

"நீங்களா?" என்றார் அவர். அதில் கேலி இல்லை. "திருத்திக் கொடுங்க. ஆனா மறுபடியும் வரிசையிலதான் போகணும்."

திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு சுவர்களையும் தேர்ந்தெடுத்துப் பிரித்தாள். நடுக்கோடு வந்து நின்றது. வாய்க்கு வந்தபடி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனால் மாலையில் தங்கை, "கதவு என்னாச்சுக்கா?" என்று கேட்டபோது, "ஆபீஸ்ல இழுத்தடிக்கிறாங்கடி" என்று சொல்லிவிட்டாள்.

"நான் போறதுக்குள்ள குடுப்பாங்களா?"

"வாயைக் கழுவு."

ஒரு நாள் முற்பகலில் தங்கை புருஷன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அக்கா, உடனே வாங்க." அவள் ஆட்டோ பிடித்தாள். எந்தத் தெரு என்று ஓட்டுநர் கேட்டபோது தன் தெருவைச் சொன்னாள். இறங்கிப் பூட்டைத் திறந்து நேராகச் சமையலறைக்கு ஓடினாள். சுவருக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் அங்கே கதவு இல்லை என்பது உறைத்தது. அந்தப் பக்கம் தங்கை மகள் அழுவது லேசாகக் கேட்டது. திரும்பி வெளியே வந்து, மதிலைச் சுற்றி ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது தங்கை இல்லை.

அடுத்த மாதம் அனுமதி வந்தது.

"என்ன செய்யலாம்க்கா?" என்றார் தங்கை புருஷன்.

"உங்க இஷ்டம் தம்பி. எனக்கு ஒண்ணும் தோணல."

அவருடைய மகள்தான் சொன்னாள். "வைங்கப்பா. அம்மா கேட்டதுதானே?"

கொத்தனார் சொன்னபடி இரண்டே நாளில் முடித்தார். அதன் பிறகு சிறுமி பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப்பையோடு நேரே பெரியம்மாவின் சமையலறைக்கு வந்துவிடுவாள். சாப்பிடுவது, படிப்பது எல்லாம் அங்கேதான்.

ஒரு சாயங்காலம் தட்டில் கை வைத்தபடி கேட்டாள். "பெரியம்மா, அம்மா இருந்தப்பவே ஏன் இந்தக் கதவ வைக்கல?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை.

"நான் படத்த தப்பா போட்டுட்டேன்டா. ரெண்டு சுவரத் தனித்தனியா காட்டணும், காட்டல. அதான் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆபீஸ்ல லேட்டுன்னு பொய் சொல்லிட்டேன்."

சிறுமி மீதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். கதவைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து மெல்லச் சாத்தினாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தாள். வழக்கமான இடத்தில் பையை வைத்தாள்.

"பசிக்குது பெரியம்மா" என்றாள்.

பெரியம்மா தட்டை எடுத்து வைத்தாள்.